குதிக்கால் சொட்டும் ஊதா மூடிக் குழாயும்

"பிள்ளை பிறந்ததும் பார்த்தால் போதாதா? எங்களுக்கு எதற்கு?" உப்புவெளியிலிருந்து கல்யாணத்துக்கு முன் தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்தசோகை நோய்) பரிசோதனைக்காகத் திருகோணமலை நகருக்கு இரத்தம் கொடுக்க வந்த ஒரு சோடி கேட்டது. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

குழந்தைக்குக் குதிக்காலில் குத்தி, வடிதாள் அட்டையில் சில சொட்டு விட்டு உலர்த்தினால் சரி. நம்மூர் வெயிலில் குழாய் இரத்தத்தை ஐஸ் பெட்டி இல்லாமல் 250 கிலோமீட்டருக்கு மேல் கொழும்புக்கு அனுப்பினால் சிதைந்துவிடும், அட்டை தாங்கும். இரத்தத்தின் சிவப்புப் புரதமான ஹீமோகுளோபினின் மாறிய வகைகள் எஸ், ஈ இரண்டும் அதில் தெரியும். அல்பா தலசீமியாவின் அடையாளமான 'பார்ட்ஸ்' என்ற வகை பிறந்தபோது தெரிந்து, சில மாதங்களில் மறைந்துவிடும். அதைப் பிடிக்க அட்டைதான் நல்லது.

ஆனால் இலங்கையில் குடும்பங்களை அலைக்கழிப்பது பீட்டா தலசீமியா. அதன் காவியை, அதாவது நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவரை, அட்டை காட்டாது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் பெரும்பங்கு எஃப் என்ற சிசு ஹீமோகுளோபின். காவிகளிடம் கூடுகிற ஏ2 வகை இன்னும் கூடியிருக்காது. பெரியவர்களின் வகையான ஏ அறவே இல்லாவிட்டால்தான் மேஜர், அதாவது கடும் நோய், என்று சந்தேகம் வரும். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தாய் தகப்பன் இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அந்த ஆபத்து 25 வீதம். அதனால் முதல் காசைப் பெரியவர்களின் இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில்தான் போடச் சொல்வேன்.

அதிலும் முதலில் எஃப்பிசி, அதாவது முழு இரத்தக் கணக்கு. சிவப்பணுவின் பருமனான எம்சிவி 80க்கோ, அதிலுள்ள ஹீமோகுளோபின் அளவான எம்சிஎச் 27க்கோ கீழே இருந்தால் அடுத்த படி, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி அல்லது கப்பிலறி எலக்ட்ரோபொரேசிஸ். ஏ2 3.5 வீதத்தைத் தாண்டினால் பீட்டா காவி என்று கொள்ளலாம். எச்பிஎல்சியில் ஈயும் ஏ2வும் ஒரே முகட்டில் விழும். ஏ2 28 வீதம் என்று தாள் வந்தால் அது ஈ. அவசரத்தில் பீட்டா என்று எழுதிவிடக் கூடாது. கப்பிலறி இரண்டையும் பிரித்தே காட்டும். ஈ காவியும் பீட்டா காவியும் மணந்தால் பிள்ளைக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய நிலையும் வரலாம் என்பதால், என் தெரிவு கப்பிலறி.

அப்புறம் இரும்புச்சத்து. அது குறைந்தால் ஏ2வும் இறங்கும். அந்தச் சோடியில் பெண்ணுக்கு எம்சிவி 68, ஏ2 3.3, இரும்பும் குறைவு. டொக்டர் மூன்று மாதம் இரும்பு மாத்திரை கொடுத்தார். திரும்பிப் பார்த்தபோது ஏ2 4.1, காவிதான். பையனுக்கு எம்சிவி 88, ஏ2 2.6, காவி இல்லை. கல்யாணம் தை மாதம்.