பதிவா, லைசென்ஸா? கடலூர் – புதுச்சேரி சிறு உணவுத் தொழிலுக்கு எது பொருந்தும்

கடலூர் முதுநகரில் கருவாட்டுத் தொக்கு போட்டு பாட்டிலில் அடைத்து விற்பவருக்கும், மஞ்சக்குப்பத்தில் மாலை டிபன் கடை வைத்திருப்பவருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரே யோசனைதான் கிடைக்கிறது: "நூறு ரூபாய் கட்டி ரெஜிஸ்ட்ரேஷன் போட்டுடலாம்." டிபன் கடைக்கு அது போதும். தொக்குக்காரருக்குப் பல நேரம் அது தப்புக் கணக்கு.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2011 உரிம விதிமுறைகள் போட்ட கோடு இது: ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் என்றால் பதிவு, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் மாநில லைசென்ஸ்: சாதாரண ஓட்டலுக்கும் வியாபாரத்துக்கும் 2,000, நாளொன்றுக்கு ஒரு டன் வரை தயாரித்தால் 3,000, அதைத் தாண்டினால் 5,000. தயாரிப்பாளருக்கு இன்னொரு வரம்பும் உண்டு: பால், இறைச்சி தவிர்த்த பொருளில் தினம் 100 கிலோ. வரம்பும் கட்டணமும் திருத்தங்களில் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் அன்று ஃபாஸ்கோஸ் (பதிவுக்கும் லைசென்ஸுக்குமான அரசின் இணையதளம்) காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவின் பலம் வேகம். படிவம் 'ஏ', போட்டோ, அடையாள அட்டை, முகவரிச் சான்று, அவ்வளவுதான். ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் பதிவு என்றால் சுத்தம் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே விதிமுறைகளின் அட்டவணை 4-இன் முதல் பகுதி சின்னக் கடைக்கும் பொருந்தும். மூடியுள்ள குப்பைத் தொட்டி, கை கழுவ இடம், ஈ வராத ஏற்பாடு எல்லாம் அதில் இருக்கின்றன.

பாட்டிலில் லேபிள் ஒட்டுபவருக்குத்தான் சிக்கல். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும், லேபிளில் அச்சிட வேண்டிய 14 இலக்க எண்ணில் பதிவுக்கு முதல் இலக்கம் 2, லைசென்ஸுக்கு 1. வியாபாரம் வளர்ந்து லைசென்ஸுக்கு மாறும்போது எண்ணும் மாறும், அச்சடித்து வைத்த லேபிளெல்லாம் வீணாகும். சூப்பர் மார்க்கெட்டில் பொருள் வைக்கப் போனால் லைசென்ஸ் நகல் கேட்பதும் உண்டு. ஆகவே ஓராண்டுக்குள் வரம்பைத் தொடும் திட்டம் இருந்தால் நேராக லைசென்ஸுக்கே போவது நல்லது. டிபன் கடை, டீக்கடை, வீட்டிலிருந்து சாப்பாடு அனுப்புபவர்கள் பதிவோடு நிம்மதியாக இருக்கலாம்.

லைசென்ஸில் உண்மையான செலவு கட்டணம் இல்லை, பின்னால் வருவதுதான். தயாரிப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொருளை லேபில் சோதித்து அறிக்கையை ஏற்ற வேண்டும். ஆண்டுக் கணக்கான படிவம் டி-1-ஐ மே 31-க்குள் தாக்கல் செய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம்.

லைசென்ஸ் விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பொதுவான காரணங்கள்: அளவு குறிக்காத கட்டட வரைபடம், வேறு பெயரில் இருக்கும் வாடகைப் பத்திரம், தவறாகத் தேர்ந்தெடுத்த தொழில் வகை. பண்ருட்டியில் வறுத்த முந்திரியை வாங்கிச் சின்ன பாக்கெட்டில் போடுபவர் 'ரீபேக்கர்'. 'உற்பத்தியாளர்' என்று குறித்தால், வறுக்கும் இயந்திரம் எங்கே என்ற கேள்வி வரும்.

எல்லாவற்றையும்விட அதிகம் இழுத்தடிப்பது விண்ணப்பத்தோடு தரும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை. நம் கரையோர போர்வெல் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் ஏறி இருக்கக்கூடும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இன்படி மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி.க்குள் இருக்க வேண்டும்; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. கோலிஃபார்ம் என்ற கிருமி 100 மி.லி.யில் இருக்கவே கூடாது. மினரல் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்துக் கொடுத்தால் தண்ணீர் நல்லதாக இருந்தாலும் கிருமி காட்டும். லேபே தரும் கிருமி நீக்கிய பாட்டிலை வாங்குங்கள். குழாய் வாயைத் துடைத்து, நெருப்புக் காட்டி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். மேல்தொட்டியைக் கழுவாமல் மாதிரி எடுப்பது காசைக் கரைப்பது.

அடுத்த கேள்வி, கடலூர் – புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 மத்தியச் சட்டம்; புதுச்சேரிப் பக்கம் கிருமாம்பாக்கத்தில் கிச்சன் போட்டாலும் அதே படிவம், அதே கட்டணம். மாறுவது விண்ணப்பத்தைப் பார்க்கும் நியமன அலுவலரும் உள்ளாட்சி உரிமமும்தான். கடலூரில் மாநகராட்சியில் தொழில் உரிமம், பாகூர் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்து. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் கையில் இருந்தாலும் இது தனியாக வேண்டும்.

கடலூரில் தயாரித்துப் புதுச்சேரிக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புவதற்கு மட்டும் அங்கே இன்னொரு எண் தேவையில்லை. அங்கே சொந்தமாகக் கடையோ குடோனோ திறந்தால் அந்த முகவரிக்குத் தனி எண் வேண்டும். இரண்டு மாநிலத்தில் தொழில் நடப்பதால் தலைமை அலுவலகத்துக்கு மத்திய லைசென்ஸும், ஆண்டுக்கு 7,500 ரூபாயும் சேர்ந்துகொள்ளும். சிறு முதலாளிக்கு இது பாரம்தான். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கிச்சனையும் குடோனையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு, எல்லை தாண்டிய விற்பனையை அங்குள்ள கடைக்காரர்களின் சொந்த எண்ணில் நடத்துவதே என் பரிந்துரை. அவர்களின் எண் நடப்பில் இருக்கிறதா என்று ஃபாஸ்கோஸ் முகப்பிலேயே தேடிப் பார்த்துவிட்டுச் சரக்கு ஏற்றுங்கள்.