இரண்டு நேஜா: 1979, 2019

மிங் காலத்துச் சீன நாவல் ஒன்றில் வரும் குறும்புச் சிறுவன் நேஜா. 1979-இல் ஷாங்காய் அனிமேஷன் ஸ்டுடியோ எடுத்த படத்தில், ஊரைக் காப்பாற்றக் கொட்டும் மழையில் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறான். தாமரையிலிருந்து மறுபடி பிறக்கிறான். கையால் வரைந்த அந்தக் காட்சி இன்றும் உலுக்கும். ஆனால் அவன் கும்பிடத் தோன்றும் வீரன்.

2019-இல் வந்த புதிய அனிமேஷன் படத்தின் நேஜாவோ கண்ணைச் சுற்றிக் கருவளையம், கால்சட்டைப் பையில் கை, பல்லெல்லாம் தெரியும் திமிர்ச் சிரிப்பு. ஊரே ஒதுக்கிவைத்த பையன். பழைய படத்தில் அவன் கையால் சாகும் டிராகன் இளவரசன் ஆவ் பிங், இதில் அவனுடைய ஒரே நண்பன். அங்கே மகன்மேல் வாளை ஓங்கிய அப்பா, இங்கே அவனுக்காகத் தன் உயிரையே கொடுக்கத் துணிகிறார்.

புதிய படத்துக்கு இளசுகளை இழுத்தது கிராஃபிக்ஸ் சண்டைதான் என்பார்கள். சரி, அதுவும்தான். எனக்கென்னவோ, கடற்கரையில் நேஜாவும் ஆவ் பிங்கும் இறகுப்பந்தைக் காலால் தட்டி விளையாடும் அந்தச் சின்னக் காட்சிதான் காரணமாகத் தோன்றுகிறது.