வெறும் ஊசியா, மின்சாரம் சேர்த்த ஊசியா?

மாரடைப்பிலிருந்து தேறி, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அக்குபங்சர் தேடுகிறவர்களுக்கு வருகிற குழப்பம் இது.

ஆதாரம்: விலங்குச் சோதனைகளில் மின்னூசிக்கே பலம் அதிகம். மணிக்கட்டுக்கு மேலுள்ள பி.சி.6 என்ற அக்குபங்சர் புள்ளியில், இதயப் பாதிப்பை உண்டாக்கும் முன்பே மின்னூசியால் தூண்டப்பட்ட எலிகளுக்கு இதயத் தசைச் சேதம் குறைந்தது. 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில், சுண்டெலியின் பின்னங்காலில் வெறும் 0.5 மில்லியாம்பியர் மின்சாரமே, மூளையிலிருந்து இதயம், வயிறு வரை போகிற வேகஸ் நரம்பைத் தூண்டி உடல் அழற்சியைத் தணித்தது. பக்கவாதம் உண்டாக்கிய எலிகளில் மூளை அழற்சியும் குறைந்திருக்கிறது. ஆனால் இதெல்லாம் எலிகளில்தான். நம் இதயத்துக்கு இன்னும் நிரூபணமாகவில்லை.

செலவு: வெறும் ஊசிக்குக் கருவி வேண்டாம்.

பாதுகாப்பு: பேஸ்மேக்கர் இருந்தால் மின்னூசி வேண்டவே வேண்டாம்.

குமட்டலுக்கு என்றால் வெறும் ஊசி போதும். நாள்பட்ட மூட்டுவலிக்கு, மருத்துவரிடம் கேட்டுவிட்டு மின்னூசி. நெஞ்சு வலித்தால் இரண்டும் வேண்டாம், உடனே 108.