வெட்சூட்: ஜிப் முதுகிலா, நெஞ்சிலா?

வெட்சூட் என்பது கடலுக்குள் டைவ் செய்யும்போது உடம்போடு ஒட்டப் போடும் ரப்பர் உடை. புதுச்சேரியில் இரண்டு சீசன் வாடகை வெட்சூட்டிலேயே டைவ் செய்துவிட்டு, போன மாதம்தான் சொந்தமாக ஒன்று வாங்கினேன். 3 மில்லிமீட்டர் தடிமன், முழுக்கை, முழுக்கால், ஜிப் முதுகில். வாங்குவதற்கு முன்னால் நெஞ்சில் குறுக்காக ஜிப் உள்ள ஒன்றைத் தோழியிடம் கடன் வாங்கி நான்கு நாள் போட்டுப் பார்த்தேன்.

போடுவதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாதத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் கணுக்காலில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் பையை உருவிவிடலாம். நகம் பட்டால் நியோபிரீன் (சூட்டின் நுரை ரப்பர்) கிழியும், விரலின் சதையால்தான் பிடிக்க வேண்டும். தோள் ஏறவில்லை என்றால் தோளைப் பிடித்து இழுத்துப் பயனில்லை. தொய்வு தொடையில் நிற்கிறது. முழங்காலிலிருந்து மறுபடி மேலே ஏற்றி வந்தால் தோள் தானாக வந்துவிடும்.

தண்ணீருக்குள் நெஞ்சு ஜிப்தான் மேல், அதை ஒப்புக்கொள்கிறேன். முதுகு முழுக்க ஒரே துணியாக இருப்பதால் நன்றாக வளைகிறது. என்னுடையதில் ஜிப் வழியாகத் தண்ணீர் கசிந்து முதுகுத்தண்டில் சில்லென்று இறங்கும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது கழற்றுவது. ஒரே நாளில் இரண்டு டைவ் என்றால் நடுவில் ஒரு மணி நேரமாவது படகில் உட்கார வேண்டும். வங்கக்கடல் வெயிலில் கழுத்து வரை ரப்பருக்குள் இருந்தால் வியர்த்து, தலை சுற்றி, குமட்டல் வந்துவிடும். முதுகு ஜிப்பில் நாடாவை நானே இழுத்துத் திறந்து, ஒரு தோளை விடுவித்து, கையை உட்புறம் வெளியே வரும்படி உரித்துவிடுவேன். இடுப்பு வரை இறக்க ஒரு நிமிடம் போதும்.

நெஞ்சு ஜிப்பில் முதலில் கழுத்து மடிப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் தள்ள வேண்டும். அப்புறம் அதே சின்ன வாய் வழியாகத் தோளை வெளியே எடுக்க வேண்டும். ஈரமான சூட் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், படகு ஆடும். மூன்றாம் நாள் என் வலது தோள் பாதியில் மாட்டிக்கொண்டது. முழங்கையை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் வெளியே வந்தேன். அன்றே முடிவு செய்துவிட்டேன். நடுக்கடலில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், அவர் சூட்டை இன்னொருவர் சட்டென்று திறக்க முடிய வேண்டும். எனக்கு அது மிக முக்கியம்.

எத்தனை நாள் உழைக்கும் என்பதிலும் இதே கதைதான். நெஞ்சு ஜிப்பில் ஒவ்வொரு முறையும் தலையும் தோளும் நுழையும் அந்தக் கழுத்துப் பகுதியே அதிகமாக இழுபடுகிறது. தோழியின் சூட்டில் அங்கேதான் தையல் பிரிந்திருக்கிறது. முதுகு ஜிப்புக்கு நல்ல தண்ணீரில் அலசல், நிழலில் உலர்த்தல், அவ்வப்போது பல்லில் கொஞ்சம் மெழுகு, அவ்வளவுதான். நீள முடி இருந்தால் மேலே ஏற்றும்போது முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வெதுவெதுப்பான கடலை வைத்துச் சொல்வது. குளிர்ந்த கடலில் நான் இறங்கியதில்லை. அங்கே 5, 7 மில்லிமீட்டர் சூட்டில் அந்தக் கசிவு பெரிய விஷயமாக இருக்கலாம், என் தேர்வும் மாறலாம்.