திருகோணமலை உப்புக்காற்றில் பாஸ் கிற்றார்க் கம்பிகள்: எட்டு வருட அனுபவம்

என் வீட்டிலிருந்து டச்பே கடற்கரைக்கு இரண்டு தெருதான். ஜன்னல் பிணைச்சலே வருடத்துக்கொரு முறை துருவேறி இறுகிக்கொள்ளும். அந்த வீட்டில்தான் 2017இலிருந்து ஒரு நாலு கம்பி பாஸ் கிற்றாரை வைத்துக் காப்பாற்றி வருகிறேன். ஞாயிறு பூசைக்குப் பாடகர் குழு, கல்யாண வீடுகளுக்கு இசைக்குழு, மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி ஹோட்டல்கள் என்று அதற்கு ஓய்வு குறைவு.

முதலில் எல்லாரையும் போல நிக்கல் பூசிய ரவுண்ட் கம்பிதான் போட்டேன், 45-105 தடிப்புச் செற். புதுக் கம்பியின் கணீர் என்ற சத்தம் யாருக்குத்தான் பிடிக்காது? கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து வருவதால் ஒன்றரை மாதம் தாங்கும். கடலிலிருந்து வரும் வாடை தொடங்கிவிட்டால் மூன்றே வாரம். "தம்பி, கம்பி செத்துப்போச்சு" என்று கீபோர்ட் அண்ணன் என்னைவிட முதலில் கண்டுபிடித்துவிடுவார்.

ரவுண்ட் கம்பி என்றால் நடுவிலுள்ள இரும்புக் கம்பியைச் சுற்றி உருண்டைக் கம்பியை வரிந்திருப்பார்கள். அந்த வரிகளுக்கிடையில் வியர்வையும் தோல் அழுக்கும் உப்பும் போய் அடையும். கம்பியின் எடை ஓரிடத்தில் கூடி இன்னோரிடத்தில் குறையும். அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேலதிர்வுகள் அமுங்கி, சுருதியும் மேல் ஃபிரெட்களில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகள்) பிசகும். ஆகத் தடித்த ஈ (E) கம்பியின் அடிப்படை அதிர்வு நொடிக்கு 41 தான். சின்ன ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது, மேலதிர்வுகளை வைத்துத்தான் காது அதைப் பிடிக்கிறது. அவை செத்தால் மிஞ்சுவது வெறும் 'தும் தும்'.

கம்பியைத் தண்ணீரில் அவித்தும் பார்த்தேன். இரண்டு நாள் புதுசு போல இருந்தது, அப்புறம் உள்ளே தங்கிய ஈரத்தால் முன்னைவிட வேகமாகத் துருப்பிடித்தது. ஒரு முனை அடைத்த பிவிசி குழாயில் ஸ்பிரிட் ஊற்றி ஒரு இரவு ஊறவைப்பது எவ்வளவோ மேல். ஆனால் கழற்றிக் கழற்றிப் போட்டதில் ஈ கம்பி, சுருதி கூட்டும் திருகாணியில் சுற்றும் இடத்தில் உடைந்தது. துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி மூன்று மாதம் நின்றது. அதற்குப் பதிலாக என் ஃபிரெட்களைத் தின்றது.

2022இல் டொலர் 350 ரூபாயைத் தாண்டியபோதுதான் இந்த விளையாட்டுக்கு முடிவு கட்டினேன். கம்பி மாற்றுவதற்கென்றே கல்யாண வீட்டில் வாசிக்க வேண்டிய நிலை. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃபிளாட் கம்பிகளை (மேல் சுற்று உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருப்பவை) அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். சரி, நாமும் பார்ப்போம் என்று ஒரு ஃபிளாட் செற் எடுப்பித்தேன். கொழும்பிலிருந்து வந்தது, அதிரும் கம்பி நீளம் 30 அங்குலமான கிற்றாருக்கான செற்! என்னுடையது 34. திருப்பி அனுப்பி மாற்ற ஒரு மாதம் போனது. வாங்குமுன் நீளத்தை ஒரு முறைக்கு இரு முறை கேளுங்கள். இன்னொன்று, ஃபிளாட் கம்பியைத் திருகாணிக்கு அப்பால் மடித்த பிறகே வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல் சுற்று நெகிழ்ந்துவிடும்.

போட்டதும் கழுத்து முன்னுக்கு வளைந்தது. இழுவிசை கூடத்தானே. கழுத்துக்குள் இருக்கும் இரும்புக்கோலைக் கால் சுற்று இறுக்கச் சரியானது. முதல் இரண்டு வாரம் தகரத்தில் தட்டுவது போன்ற ஒரு சத்தம், பிடிக்கவேயில்லை. அதன் பிறகு அந்தக் கூர்மை இறங்கி ஒரு திரட்சி வந்தது. ஞாயிறு பூசை நடக்கும், எதிரொலி அதிகமான கோவிலுக்குள் ரவுண்ட் கம்பியின் ஓசைகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். ஃபிளாட்டில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நின்றது. விரல் நகரும்போது வரும் கிறீச் சத்தமும் போய்விட்டது.

வெளியில் வாசிக்கும்போதுதான் சிக்கல். கடற்கரை மணலில் சத்தத்தைத் திருப்பிக் கொடுக்கச் சுவர் கிடையாது. முதல் நாள் உப்புவெளியில் நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. அடிச் சத்தத்தை (பாஸ்) கூட்டிக் கூட்டிப் பார்த்தது என் மடத்தனம். அதைக் குறைத்து, 700-800 ஹேர்ட்ஸ் பக்கம் நடுச் சத்தத்தைக் கூட்டியதும் நான் வாசித்தது மேலே வந்தது. பைலா ஆட்டப் பாட்டுகளுக்கு இந்தச் சத்தம் கச்சிதம். கம்பியைப் பெருவிரலால் அறைந்து வாசிக்கும் ஸ்லாப் மட்டும் சரிவராது. டிரம்ஸ் மச்சான் இன்னும் அதற்காக என்னைத் திட்டுகிறான். அவனுக்காகப் பழைய பாஸ் ஒன்றில் ரவுண்ட் போட்டு, பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

அந்த ஃபிளாட் செற்றை இன்னும் கழற்றவில்லை. வாசித்து முடிந்ததும் பழைய சாரத் துண்டால் மேலும் கீழும் துடைப்பது மட்டும்தான் பராமரிப்பு. உடலில் கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை படும் இடத்தில் ஜி கம்பியில் மட்டும் ஒரு சின்னத் துருப்புள்ளி தெரிகிறது. முன்னெச்சரிக்கையாக வாங்கிய இரண்டாவது செற் அலுமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது.