ஸ்பிரிங் ரைபிளா, கலன் ரைபிளா?

ஒட்டுசுட்டானில் கச்சான் தோட்டம் வைத்திருக்கும் மாமா கேட்டார்: "தம்பி, குரங்கு கலைக்க எந்த எயார் ரைபிள் தோது?"

காற்றடைத்த கலன் வைத்தது அவ்வளவாக உதைக்காது, குறியும் எளிது. ஆனால் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றடைக்க வேண்டும். சைக்கிள் பம்பால் ஆகிற காரியமா? ஸ்பிரிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. குழலை மடக்கிக் குண்டைப் போட்டால் சரி. என்ன, முன்னும் பின்னும் உதைக்கும், இறுக்கிப் பிடித்தால் குறி விலகும்.

ஸ்பிரிங் ரைபிளின் உள்வேலைதான் சுவாரசியம். 1970களில் இங்கிலாந்தில் கார்டியூ என்ற தந்தையும் மகனும், காற்றுக்குப் பதில், எதையும் எரியவிடாத நைதரசனை அதில் நிரப்பிச் சுட்டுப் பார்த்தார்கள். குண்டின் வேகம் நன்றாகவே குறைந்தது. அதாவது, ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் நசுக்கும் காற்று சூடேற, உள்ளே ஒட்டிய எண்ணெய்ப் பசையும் கொஞ்சம் எரிந்து குண்டைத் தள்ளுகிறது.

"எங்கட டீசல் மிசின் மாதிரியோ?"

அதேதான். அதற்காக எண்ணெயை ஊற்றினால் உள்ளே வெடித்து, காற்று கசியாமல் அடைக்கும் சீலும் ஸ்பிரிங்கும் போய்விடும். கலன் ரைபிளில் காற்று விரிவதோடு சரி, எரிதல் இல்லை.

மாமாவுக்கு ஸ்பிரிங்தான் சொன்னேன். குரங்குக்கு வேண்டாம், வேலியில் கட்டிய பழைய தகரத்துக்குச் சுடுங்கள், அந்தச் சத்தத்துக்கே ஓடும் என்றும் சொன்னேன்.