ஃபிளிர் சி5 வெப்பக் கெமரா: தேயிலை ஸ்டோர் வேலைக்கு எப்படி?

தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெனலும் மோட்டரும் பார்க்கிற எலெக்ட்ரீசியன் முதல் வெப்பக் கெமரா எது வாங்கலாம் என்று கேட்டால், ஃபிளிர் சி5 என்றுதான் சொல்வேன். ஹட்டன், டிக்கோயா பக்கம் வேலைக்குப் போகும்போது என் பையில் இருப்பது அதுதான். ஆனால் எல்லா வேலைக்கும் அது போதாது.

கடைக்காரர்கள் முதலில் சொல்வது எத்தனை டிகிரி வரை அளக்கும் என்பதைத்தான். சி5 400 டிகிரி வரை அளக்கும். பெனல் வேலைக்கு அது தாராளம். கேட்க வேண்டியது வேறு: படத்தில் எத்தனை புள்ளி, லென்ஸ் பார்க்கும் கோணம் எவ்வளவு அகலம்? சி5இல் 160×120 புள்ளிகள், 54 டிகிரி அகலம். கணக்குப் போட்டால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 6 மில்லிமீட்டரை மூடுகிறது. ஒற்றைப் புள்ளியை நம்பி அளவெடுக்க முடியாது, குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளிகள் வேண்டும். அப்படியென்றால் 18 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கிற பொருளைத்தான் சரியாக அளக்கும். அதைவிடச் சின்ன ஸ்க்ரூ கொதித்துக்கொண்டிருந்தாலும், சுற்றியுள்ள குளிரையும் சேர்த்துக் குறைத்தே காட்டும். கிட்டப் போனால் சரியாகிவிடும்தான், ஆனால் திறந்து கிடக்கிற 400 வோல்ட் பெனலுக்குள் முகத்தை நீட்டக் கூடாது. பெரிய மெயின் பெனல், உயரத்தில் உள்ள இணைப்பு என்று போகிறவர்கள் காசு சேர்த்து 320×240 கெமராவே வாங்குங்கள்.

ஸ்டோரில் நான் படம் எடுப்பது இரவில். கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகள் அப்போதுதான் முழுமூச்சாக ஓடும். சுமை 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது எடுத்த படத்தைக் காட்டி, பெனல் நன்றாக இருக்கிறது என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். ஒரு தோட்டத்தில் விசிறி ஐசோலேட்டரின் (கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) நடு பேஸ் லக், அதாவது வயரைப் பூட்டுகிற முனை மட்டும், பக்கத்து இரண்டையும்விட 30 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தது. ஒரே சுமையில் ஓடுகிற ஒரே மாதிரி முனைகளுக்கிடையே 15 டிகிரி தாண்டினாலே உடனே பார்க்க வேண்டிய கோளாறு. கரண்ட்டை நிறுத்திக் கழற்றினால் லக் தளர்ந்து கருகியிருந்தது. மோட்டர் எரியாமலும், தொட்டி நிறையக் கொழுந்து வீணாகாமலும் தப்பியது. சாதாரணப் படத்தின் கோடுகளை வெப்பப்படத்தின் மேல் பதிக்கும் வசதி சி5இல் இருக்கிறது. அதனால் பிரேக்கர் இலக்கம் வரை படத்திலேயே தெரிகிறது, தோட்டத்து மேனேஜரான துரைக்குக் காட்டி விளக்குவது சுலபம்.

பெனல் முன்னால் உள்ள அக்ரிலிக் மூடியைக் கழற்றாமல் எடுத்தால் தெரிவது மூடியின் சூடு மட்டுமே. பளபளக்கிற செம்புப் பட்டையும் ஏமாற்றும், கண்ணாடி மாதிரி எதிரில் நிற்கிற உங்கள் உடம்புச் சூட்டைத் திருப்பிக் காட்டும். நான் கரண்ட் நிற்கிற நேரத்தில் பட்டையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்து, பிறகு அந்த டேப்பைத்தான் அளக்கிறேன். பெயரிங், பெல்ட் பார்க்க இந்தத் தொல்லை இல்லை. பெயின்ட் அடித்த இரும்பும் ரப்பரும் சூட்டை உள்ளபடி காட்டும்.

அப்புறம் வீடுகள். நுவரெலியாவில் சுவர் ஈரம் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். இதில் சி5ஐ நம்பிப் போகாதீர்கள். ஈரம் ஆவியாகும்போது சுவர் குளிர்வதைத்தான் கெமரா பிடிக்கிறது. மிஸ்ட் இறங்கிய நாளில் காற்றே நனைந்திருக்கும், எதுவும் ஆவியாகாது, நனைந்த சுவரும் காய்ந்த சுவரும் ஒரே நிறமாகத் தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரை வரும் வெயில் நாட்களில், முந்தின நாள் மழை பெய்திருந்தால் நல்ல படம் கிடைக்கும். அப்போதும் ஈரமானியைச் சுவரில் வைத்து உறுதி செய்யாமல் எந்தச் சுவரையும் உடைக்கச் சொல்ல மாட்டேன். சி5 பிரித்தறியும் மிகச் சிறிய வித்தியாசம் 0.07 டிகிரி. வீட்டு வேலையே பிரதானம் என்றால் 0.04 அல்லது அதற்கும் கீழே பிடிக்கிற கெமராவைத் தேடுங்கள்.